பாலிக் பூலாவ் இறக்கத்தில் கேட்ட குரல்

நான் துறைமுகத்தில் கிராணியாக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடுவது என் வேலை. முப்பத்தொரு வருடம் அதைத்தான் செய்தேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. லிஃப்டில் எத்தனை பேர், கோயில் வரிசையில் எத்தனை தலை, மகள் வாங்கி வந்த சீப்பில் எத்தனை பழம், எதைப் பார்த்தாலும் உதடு தானாக அசையும். எண்ண முடிந்தது உலகத்தில் இருக்கிறது, எண்ண முடியாதது இல்லை, இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே எழுபத்தொரு வயதுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய் வேறு மேசையில் உட்காருகிற ஆள் நான். எங்கள் சரக்குக் கொட்டகை ஒன்றில் ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்கும் என்று கூலியாட்கள் நடுங்குவார்கள். அதே கொட்டகையில் நான் எத்தனையோ இரவுப் பணி பார்த்திருக்கிறேன். கொசுவைத் தவிர வேறு எதுவும் என்னைத் தொட்டதில்லை.

அதனால் இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. கண் கெட்ட கிழவன் எதையோ பார்த்து எதையோ கேட்டுவிட்டு வந்து உளறுகிறான் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது இருட்டில் நடந்தது அல்ல, சுடுகாட்டுப் பக்கம் நடந்ததும் அல்ல. காலை பத்து மணிக்கு மேல், நல்ல வெயிலில், வண்டிகள் போய் வருகிற தார் ரோட்டில் நடந்தது.

முதலில் சின்னையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் அதே துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவன், என்னைவிட இரண்டு வயது சிறியவன். கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் வீடு. வின்ச் சத்தத்திலேயே இருந்து இருந்து அவன் காது போய்விட்டது. காதில் மெஷின் மாட்டினால் கேட்கும், கழற்றினால் பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் தெரியாது. எனக்குக் காது நன்றாக இருக்கிறது, கண்தான் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு கண்ணிலும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. ஓரங்களெல்லாம் தெரியும், நடுவில் இருப்பது தெரியாது. ஒரு ஆளை நேராகப் பார்த்தால் அவன் மறைந்துவிடுவான். பார்வையைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் திரும்ப வந்து நிற்பான். டாக்டர் இனிமேல் காரோட்டக் கூடாது என்றார், விட்டுவிட்டேன். சைக்கிளைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளில் பினாங்குத் தீவைச் சுற்றுவோம். எப்படி என்று கேட்பீர்கள். அவன் முன்னால் போவான், நான் அவன் பின்சக்கரத்தை ஒட்டிப் போவேன். ரோட்டில் குழி வந்தால் அவன் கையை நீட்டிக் காட்டி "லுபாங்!" என்று கத்துவான். குழிக்கு எங்கள் ஊரில் தமிழர் வாயிலும் மலாய் வார்த்தைதான். பின்னாலிருந்து வண்டி வந்தால் அது அவனுக்குக் கேட்காது, எனக்கு வெகு தூரத்திலேயே கேட்டுவிடும், "கெரெத்தா!" என்று நான் கத்துவேன், அவன் ஓரம் ஒதுங்குவான். என் கண் அவன், அவன் காது நான். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள்.

என் மகள் வசந்தியின் நிபந்தனை இது: "சின்னையா அங்கிள் முன்னாடி போனா மட்டும் நீங்க போலாம்பா. இல்லாட்டி சைக்கிள் வீட்டுலயே இருக்கட்டும்." அவன் மனைவி ராஜம்மாவின் நிபந்தனை: காதில் மெஷின், பின்னால் கிராணி அண்ணன், இரண்டும் இருந்தால்தான் ஃபெர்ரி ஏறலாம். ஆக, ஒருவன் நின்றால் மற்றவனும் நின்றான். என் மனைவி போன பிறகு வாரத்தில் எனக்கென்று மிச்சம் இருந்தது அந்த ஒரு நாள்தான். அதை யாரும் பிடுங்கிவிடக் கூடாதே என்று திங்கட்கிழமையிலிருந்தே கவலைப்பட ஆரம்பித்துவிடுவேன். மழை வருமா, டயர் தாங்குமா, அவனுக்கு இரத்த அழுத்தம் ஏறியிருக்குமா, இப்படி.

சின்னையாவால் சும்மா "லுபாங்" என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. கூடவே ஒரு கிண்டல் வந்தாக வேண்டும். "லுபாங், இடது! குளிக்கலாம் கிராணி, சோப்பு கொண்டாந்தியா?" "லுபாங், நடுவுல! என் மாமியா பல்லு மாதிரி இருக்கு, பாத்து வா!" எனக்கும் ஒரு பழக்கம் உண்டு, வண்டிகளை எண்ணாமல் சொல்ல முடியாது. "கெரெத்தா, ஒன்னு! கெரெத்தா, ரெண்டு!" என்று எண்ணிக்கொண்டே வருவேன். "டோல் வசூல் பண்ணப் போறியாய்யா? சும்மா கத்துலா!" என்பான். அவன் கிண்டலை நிறுத்தியதும் இல்லை, நான் எண்ணிக்கையை நிறுத்தியதும் இல்லை.

அன்றைக்குச் சீனப் பெருநாள் முடிந்து, தைப்பூசக் கூட்டமெல்லாம் கலைந்து, சீனர்கள் குன்றுச் சரிவுகளில் இருக்கும் கல்லறைகளைப் புல் வெட்டிச் சுத்தம் செய்ய ஆரம்பித்திருந்த நாட்கள். பினாங்கில் வசந்தம் என்று ஒன்று கிடையாது, ஆனால் இருக்கிற மாதங்களில் எதையாவது அப்படிச் சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்ல வேண்டும். டவுனில் சாலையோர மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு இளஞ்சிவப்பாகப் பூத்து நின்றன. காலையில் ஃபெர்ரியிலிருந்து மஞ்சள் சட்டையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கினான் சின்னையா. அந்தச் சட்டையை எனக்காகவே வாங்கியிருந்தான். என் கண்ணுக்கு ஓரத்திலாவது தெரியட்டும் என்று.

பத்து பெரிங்கி கடற்கரை ரோட்டில் எப்போதும்போல வளைந்து வளைந்து போய், தெலுக் பஹாங்கில் ரொட்டிச் சானாய் சாப்பிட்டுப் பசியாறினோம். அங்கிருந்து அணைக்கட்டைத் தாண்டினால் ஏற்றம். மலைக்காடும் டுரியான் தோட்டமும் மாறி மாறி வரும், ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. டுரியான் பூக்கிற காலம் அது. ராத்திரி பூத்த பூக்களெல்லாம் காலையில் ரோட்டில் கொட்டிக் கிடக்கும், புளித்த பால் மாதிரி ஒரு வாடை. மேலே ஏதோ ஒரு கல்லறையில் காகிதம் எரித்த புகை மரங்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் அவன் மூச்சு வாங்கியும் பேச்சை நிறுத்தவில்லை.

"கிராணி, செத்துப் போனா எனக்கும் இப்புடி மேட்டு மேல ஒரு எடம் பாருய்யா. வியூ நல்லா இருக்கு."

"எரிக்கிற ஆளுக்கு எதுக்கு வியூ?"

"எரிக்கிறதுக்கு முந்தி ஒரு தடவ பாத்துக்கறேன்லா."

இதை நான் பிறகு எத்தனை தடவை நினைத்துப் பார்த்தேன் என்று மட்டும் எண்ணவில்லை.

உச்சியில் ஒரு பழக்கடை இருக்கிறது. அங்கே நின்று ஜாதிக்காய்த் தண்ணீர் குடிப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு அங்கே நல்ல கூட்டம். நிறம் நிறமாகச் சட்டை போட்ட இளைஞர்கள் ஏழு பேர் சைக்கிள்களைச் சாய்த்து வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சின்னையா கடைக்குப் பின்னால் இருக்கும் குழாயில் முகம் கழுவப் போனான். நான் தண்ணீரைக் குடித்து முடித்து, பிரேக்கைச் சரிபார்த்து, டயரை அழுத்திப் பார்த்து, ஹெல்மெட் வாரைக் கட்டிக்கொண்டிருந்தேன். இளைஞர்கள் ஏழு பேரும் கிளம்பிப் போன சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "போலாம் கிராணி" என்று சின்னையாவின் குரல். பார்வையைத் தள்ளி வைத்துப் பார்த்தேன், முதல் வளைவில் மஞ்சளாகத் தெரிந்தது. நானும் ஏறி மிதித்தேன்.

இறக்கம் நீளமானது, வளைவுக்கு மேல் வளைவு. அங்கேதான் எனக்குக் கண் சுத்தமாக உதவாது. மரநிழலும் வெயிலும் ரோட்டில் திட்டுத் திட்டாகக் கிடக்கும், எது நிழல், எது குழி என்று தெரியாது. வேகமும் பிடித்துவிடும், காற்று காதில் இரையும், சின்னையா சொல்வதில் பாதிதான் வந்து சேரும். அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் காதுக்குப் பக்கத்தில் சொன்ன மாதிரி தெளிவாகக் கேட்டது.

"லுபாங், இடது."

நான் வலப்பக்கம் ஒடித்தேன். இடது பக்கம் ஒரு குழி கடந்து போனது.

"லுபாங், வலது."

ஒடித்தேன். பின்னாலிருந்து கார் வந்தது, "கெரெத்தா, ஒன்னு!" என்று கத்தினேன். அது என்னைத் தாண்டிப் போனது. மஞ்சள் எப்போதும் அடுத்த வளைவின் முனையில், திரும்பப் போகிற மாதிரி இருந்தது. நேராகப் பார்த்தால் காணாமல் போகும், ஒதுக்கிப் பார்த்தால் இருக்கும். அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை, சின்னையா எனக்கு எப்போதுமே அப்படித்தான் தெரிவான். இன்றைக்கு ஏன் இவ்வளவு முன்னால் போகிறான் என்று கொஞ்சம் எரிச்சல் பட்டேன், அவ்வளவுதான்.

பாதி இறக்கத்தில், ஒரு பெரிய வளைவுக்கு முன்னால், "கிளை. வலதா போ" என்றது குரல்.

போனேன். ஏதோ ஒன்று என் இடது காலை உரசிக்கொண்டு போனது, இலைகள் சடசடவென்று சக்கரத்தில் அடித்தன. நாங்கள் அந்த ரோட்டில் வருடக் கணக்காகப் போகிறோம், குழி எங்கே என்று உங்களுக்கே மனப்பாடமாக இருந்திருக்கும், உங்கள் மனசே உங்களிடம் சொல்லியிருக்கும் என்று பிறகு என் மகள் சொன்னாள். இருக்கலாம், நம்பிப் பார்த்தேன். ஆனால் அந்தக் கிளை அன்று காலையில் விழுந்தது. அது எப்படி எனக்கு மனப்பாடமாக இருக்கும்?

வழியில் இருக்கும் அருவியைத் தாண்டி, சமவெளி தொடங்கும் இடத்தில் ஒரு பஸ் நிறுத்தம். அங்கே நிற்பதும் வழக்கம்தான். வந்து நின்று பார்த்தேன், சின்னையா இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அடுத்த திருப்பம்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வயல் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த மலாய்க்காரரிடம், மஞ்சள் சட்டை போட்ட ஆள் போனாரா என்று கேட்டேன். இல்லை, சைக்கிள் பையன்கள் போய் வெகு நேரமாகிறது, அதற்குப் பிறகு நீங்கள்தான் முதல் ஆள் என்றார். சக்கரத்தில் ஒரு இலைக் கொத்து மாட்டியிருந்தது. அதைப் பிய்த்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போதும் எனக்குப் பயம் இல்லை. அவன் எங்கேயாவது ஒதுங்கியிருப்பான் என்றுதான் நினைத்தேன்.

ஏறக்குறைய கால் மணி நேரம் கழித்து சின்னையா வந்தான். மேலேயிருந்து வந்தான்.

இப்போது நான் சொல்லப் போவதை அன்று பார்த்தேன், ஆனால் அதற்கு ஒரு அர்த்தமும் கொடுக்கவில்லை. அவன் என்னைப் பார்த்ததும் பிரேக்கைப் பிடித்தான். பிடித்துவிட்டு என்னிடம் வரவில்லை. அப்படியே நின்று, மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, வந்த ரோட்டைப் பார்த்தான். திரும்ப என்னைப் பார்த்தான். திரும்ப ரோட்டைப் பார்த்தான். அப்புறம்தான் இறங்கி வந்தான்.

"ஏன்யா விட்டுட்டு வந்த?" என்றான். குரல் கரகரத்திருந்தது.

"நீதானேய்யா முன்னால வந்த?"

"நான் மூஞ்சி கழுவிட்டு வந்து பாக்கறேன், ஒன்னக் காணோம். மேல ஒரு பெரிய கெள விழுந்து பாதி ரோட்ட அடச்சிக் கெடக்கு. ஒன் கண்ண வச்சிக்கிட்டு அத எப்புடிய்யா தாண்டுன? நான் ஒன் பொணத்தத்தான் பாப்பேன்னு வந்தேன்."

நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவன் உதட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். நான் முடித்ததும் இன்னொரு தடவை மேலே ரோட்டைப் பார்த்தான். பிறகு வழக்கமான சின்னையா ஆகிவிட்டான்.

"பேய்க்கு வேற வேல இல்ல பாரு. ஒனக்கு லுபாங் காட்டத்தான் ஓவர்டைம் பாக்குது. அடுத்த வாரம் அதையே கூட்டிக்கிட்டுப் போ, நான் வீட்டுல படுத்துத் தூங்கறேன்."

பாலிக் பூலாவில் லக்ஸா கடைக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் பையிலிருந்து மெஷினை எடுத்துக் காதில் மாட்டினான். முகம் கழுவும்போது கழற்றியிருப்பான் என்று நினைத்தேன். என் கூட்டாளிக்கு ஹந்து, அதாவது பேய், வழி காட்டியதாம் என்று கடைக்காரச் சீனரிடம் மலாயில் சொல்லி அவன் சிரித்தான். அந்த ஹந்துவுக்கும் ஒரு கிண்ணம் வைக்கவா என்று அவர் கேட்டார், பக்கத்து மேசைக்காரர்களும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. இரண்டு கிண்ணம் சாப்பிடுகிற சின்னையா அன்று ஒன்றையே பாதியில் வைத்துவிட்டான். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரும்புகிற வழியில் இன்னொரு மேடு இருக்கிறது, அங்கே, "இன்னிக்கு ஜோடியா போலாம்யா, பக்கத்துலயே வா" என்றான். என் பயத்துக்காக அப்படிச் சொல்கிறான் என்று நான் நினைத்தேன். லாரிகள் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டு போயின, அவன் என்னைப் பின்னால் போகவே விடவில்லை.

பயம் எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. குளித்துவிட்டு, காலில் கிளை கீறிய கோட்டைப் பார்த்தபோது எழுந்து போய் வீட்டில் எல்லா விளக்கையும் போட்டேன். அடுத்த ஞாயிறு வயிறு சரியில்லை என்றேன். அதற்கடுத்த ஞாயிறு மகள் வெளியூர் போகிறாள் என்றேன். அவன் விடாமல் போன் செய்தான்.

"என்னய்யா, பேய் லீவு குடுக்கலியா?"

"முட்டி வலிக்குது சின்னையா."

"மெதுவா போலாம்லா. மேட்டுக்கு மட்டும் ஒரு தடவ வா. ஒன்கிட்ட ஒரு விஷயம் இருக்கு."

"இப்பவே சொல்லேன்."

"போன்ல சொல்றது இல்லய்யா அது. அங்க நின்னுதான் சொல்லணும். வா."

கேலி செய்ய இன்னொரு தந்திரம் என்று நினைத்தேன். லக்ஸா கடைச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் போகவில்லை. பின்னால் கிராணி இல்லாமல் ராஜம்மா அவனையும் விடமாட்டாள். இரண்டு சைக்கிள்களும் இரண்டு கரைகளில் சும்மா நின்றன. மழைக்காலம் தொடங்கியதும் ஒரு நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த சின்னையா எழுந்திருக்கவில்லை. பக்கவாதம் என்றார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஃபெர்ரி ஏறிப் போனேன். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு ராஜம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கையில் அவன் காது மெஷின், சின்ன டப்பாவில்.

"இத என்ன பண்றதுண்ணே? யாருக்காவது ஆகுமா?"

"ஆஸ்பத்திரியில கேட்டுப் பாக்கலாம்மா. சொன்ன சொல்லுக்கு, நம்ம கூட வரும்போதெல்லாம் போட்டுக்கிட்டுத்தான் வந்தான்."

அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லண்ணே. கடைசி வாட்டி போனீங்களே, அன்னிக்கு ஏத்தம் முடியற எடத்துல வேர்வ படும்னு கழட்டிப் பையில போட்டுட்டாராம். மேல மூஞ்சி கழுவிட்டு வந்தா ஒங்க சைக்கிளக் காணோம். பதறிப் போயி, மாட்டாமயே கெளம்பிட்டாராம்."

"மெஷின் இல்லாமலா அந்த இறக்கத்துல வந்தான்?"

"ஆமாண்ணே. ஆனா பின்னாடி ஒங்க கொரலு கேட்டுச்சாம்."

நான் கை நீட்டி அந்த டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

"‘கெரெத்தா’ன்னு நீங்க கத்துவீங்களாம், இவரு ஒதுங்குவாராம், கெரெத்தா தாண்டிப் போகுமாம். ஒரு வளவுல ‘லாரி’ன்னு கேட்டுச்சாம். இவரு ஓரத்துல கால ஊனி நின்னுட்டாராம். மண்ணு லாரி ஒன்னு சட்டைய ஒரசிக்கிட்டு எறங்குச்சாம். சரி, கிராணி எப்புடியோ பின்னால வந்துட்டான்னு நெனச்சிக்கிட்டே எறங்குனாராம். கீழ வந்து பாத்தா நீங்க பெஞ்சியில ஒக்காந்திருக்கீங்க."

"அவன் ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கலியாம்மா?"

"பாக்கணும்னுதான் நெனச்சாராம். மூணாவது கெரெத்தா போகும்போதே ஒரு மாதிரி ஆயிருச்சாம். நீங்க எண்ணுவீங்களாமே? ஒன்னு, ரெண்டுன்னு? அந்தக் கொரலு எண்ணவே இல்லியாம். அதுக்கப்பறம் கழுத்தத் திருப்ப முடியலன்னாரு."

வெளியே யாரோ பந்தல் கம்பிகளைக் கழற்றிப் போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நானும் அதத்தான் கேட்டேன். கிராணி பயந்தாங்கொள்ளி, நானும் கேட்டேன்னு சொன்னா அன்னிக்கே சைக்கிளத் தூக்கி மாட்டிருவான்னாரு. அப்பறம் தனியா என்னைய யாரு கூட்டிக்கிட்டுப் போவாங்கன்னாரு. திரும்ப அந்த மேட்டுக்கு வரட்டும், ரெண்டு பேரும் ஒன்னா நிக்கும்போது சொல்றேன், அப்ப பயம் இருக்காதுன்னாரு. ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் மஞ்ச சட்டையத் தொவச்சிப் போடச் சொன்னாருண்ணே." அவள் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

திரும்பி வருகிற ஃபெர்ரியில் நான் உள்ளே உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னை நீங்கள் நம்பாவிட்டால் போகட்டும். நான் சொல்வதை ஒரு கேள்வியும் கேட்காமல் நம்பியிருக்கக் கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான் இருந்தான். இரண்டு மாதம் ஒவ்வொரு வாரமும் என்னைக் கூப்பிட்டான். இரண்டு கிழவர்கள் அந்தப் பழக்கடையில் ஜாதிக்காய்த் தண்ணீரை வைத்துக்கொண்டு, எனக்கும் கேட்டதுய்யா, எனக்கும்தான்யா என்று சொல்லியிருப்போம். அது பேயாகவே இருந்தாலும் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லையே. இரண்டு பேரையும் பத்திரமாகத்தானே கீழே இறக்கி விட்டது. அதற்குப் பயந்து இரண்டு பேரும் பிரிந்து உட்கார்ந்தோம்.

நடுக்கடலில்தான் இன்னொன்று உறைத்தது. அன்று இறக்கத்தில் எனக்குக் கேட்டதை முதலிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பதிமூன்று லுபாங், ஒரு கிளை. எண்ணிக்கையில் நான் தப்பமாட்டேன். அந்தப் பதினான்கில் ஒரு கிண்டல்கூட இல்லை. சோப்பு இல்லை, மாமியார் பல் இல்லை, ஒன்றுமே இல்லை. அவன் என் எண்ணிக்கையைத் தேடி, இல்லை என்று மூன்றாவது வண்டியிலேயே கண்டுபிடித்துவிட்டான். நான் அவன் கிண்டலைத் தேடவே இல்லை. இடது, வலது என்று சொன்னது, நம்பிப் பின்னாலேயே போனேன்.

இப்போது கண் இன்னும் மோசமாகிவிட்டது. சைக்கிளை யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. காலையில் கைத்தடியோடு பாசார் சந்தை வரை மட்டும் நடக்கிறேன். டவுனில் கடை முன் நடைபாதை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ஒரு கடைக்கு மேடு, அடுத்த கடைக்குப் பள்ளம், நடுவில் சாக்கடை மூடி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நம்பினால் நம்புங்கள். அப்படி நடக்கும்போது சில நாள் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது.

"லுபாங், இடது."

நின்று தடியை நீட்டித் தடவுவேன். மூடி இல்லாத சாக்கடை இருக்கும். ஒவ்வொரு தடவையும் இருந்திருக்கிறது. குரல் சின்னையாவுடையதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைக்கும் அது சின்னையாவின் குரலாகத்தான் இருந்தது, அவன் உயிரோடு மேலே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது.

அதனால் நான் உடனே நகர்வதில்லை. போகிற வருகிறவர்கள் பார்த்தாலும் பரவாயில்லை என்று சத்தமாக எண்ணுகிறேன். "ஒன்னு" என்றேன் முதல் தடவை. போன வாரம் "நாலு" என்றேன். பின்னால் இருப்பது நான்தான் என்று அவனுக்குத் தெரியட்டும். எண்ணிவிட்டு அப்படியே நின்று காத்திருக்கிறேன். ஒரே ஒரு கிண்டல் போதும், டோல் வசூலா கிராணி என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அது யார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

நான்கு தடவை நின்றிருக்கிறேன். இதுவரை வரவில்லை.